மனக்கவலையும் வயிற்றுக் கொழுப்பும்: மன்னார்ப் பாதை சொல்லும் பாடம்



லயங்களுக்குப் போகும்போதும், கொழுந்து நிறுக்கும் இடத்தில் நின்று கதைக்கும்போதும், நாற்பது வயதைத் தாண்டிய அக்காமார் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஐயா, காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் மலையில ஏறி இறங்குறோம். கை கால் எல்லாம் குச்சி மாதிரி இருக்கு. வயிறு மட்டும் ஏன் இப்படிப் போடுது?" என்பார்கள். ஆண்களும் கேட்கிறார்கள். "ராத்திரிச் சாப்பாட்டைக்கூட விட்டுப் பார்த்துட்டேன். தொப்பை குறையவே இல்லையே!"

நியாயமான கேள்விதான். இதற்கு ஒரே ஒரு காரணம் இல்லை. சாப்பாடு ஒரு காரணம், சீனி ஒரு காரணம், பிறக்கும்போது இருந்த நிறையும் ஒரு காரணம். ஆனால் நாம் அதிகம் பேசாத இன்னொரு காரணமும் உண்டு. அதுதான் மனக்கவலை. கவலை மனதோடு நின்று விடுவதில்லை. அது உடம்புக்குள் ஒரு சுரப்பைக் கிளப்பி விடுகிறது. அந்தச் சுரப்பு என்ன, அது வயிற்றில் கொழுப்பை எப்படிச் சேர்க்கிறது, மருந்து மாத்திரை இல்லாமல் அதனை எப்படி அடக்கலாம் என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம். அதனை விளங்கிக்கொள்ள முதலில் மன்னாருக்குப் போக வேண்டும்.

மன்னார்ப் பாதை

நம் பாட்டன் பூட்டன்மார் இந்த நாட்டுக்கு வந்த வாசல்களில் முக்கியமானது மன்னார்க் கரை. 1820களில் கோப்பித் தோட்டங்கள் தொடங்கிய காலத்தில், தமிழ்நாட்டின் வறண்ட கிராமங்களிலிருந்து புறப்பட்ட சனங்கள் பாக்கு நீரிணையை வள்ளத்தில் கடந்து தலைமன்னார், அரிப்பு போன்ற கரைகளில் இறங்கினார்கள். அங்கிருந்து மதவாச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளை வரை கால்நடையாகவே வந்தார்கள். ஏறக்குறைய 250 கிலோமீட்டர் தூரம். வழியெல்லாம் காடு. தண்ணீர் கிடையாது. வாந்திபேதியும் காய்ச்சலும் வந்து எத்தனையோ பேர் பாதையோரத்திலேயே கண்மூடினார்கள்.

அந்தப் பாதையை நினைவுகூர்ந்து 2023ஆம் ஆண்டு, மலையக மக்கள் வந்து 200 வருடம் ஆனதை முன்னிட்டு, ஒரு நடைபவனி நடந்தது. ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கி ஆகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் முடிந்தது. 16 நாள். கணக்குப் பார்த்தால் நாளொன்றுக்கு 15, 16 கிலோமீட்டர் வரும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். அன்று நடந்து வந்த அந்தச் சனங்களுக்குப் பயம் இருந்தது, பசி இருந்தது, பிள்ளை குட்டியை நினைத்து ஏக்கம் இருந்தது. ஆனாலும் அவர்களை நடக்க வைத்த சக்தி எங்கிருந்து வந்தது? அந்தச் சக்தியை எடுத்துக் கொடுத்ததில் பெரும் பங்கு இந்த மனஅழுத்த ஹோர்மோனுக்குத்தான். அதன் பெயர் கோர்ட்டிசோல்.

கோர்ட்டிசோல் என்றால் என்ன?

நம்முடைய இரண்டு சிறுநீரகங்களின் மேலும் தொப்பி வைத்தாற்போல் ஒவ்வொரு சிறிய சுரப்பி இருக்கிறது. ஆபத்து என்று மூளைக்குத் தெரிந்தவுடன் அங்கிருந்து உத்தரவு போகும். முதலில் அட்ரினலின் சுரக்கும். நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும். பாம்பைக் கண்டு துள்ளி விலகுகிறோமே, அது அட்ரினலின் வேலை. அடுத்துக் கோர்ட்டிசோல் சுரக்கும். இது மெதுவாக வந்து நீண்ட நேரம் வேலை செய்யும். ஈரலிலிருந்து சீனியை இரத்தத்துக்கு எடுத்து விடும். போதாவிட்டால் தசையைக் கரைத்தும் சீனியாக்கும்.

தோட்டத்துப் பாஷையில் சொன்னால் இது தீபாவளி அட்வான்ஸ் மாதிரி. அவசரத்துக்கு உடம்பு தன் சேமிப்பிலிருந்து முன்பணம் கொடுக்கிறது. கெட்ட காரியம் அல்ல. கோர்ட்டிசோல் இல்லாவிட்டால் மனிதன் உயிர்வாழவே முடியாது. காலையில் நாம் கண்விழித்து அரை மணித்தியாலத்தில் அது உச்சத்துக்கு வரும். அதுதான் நம்மை எழுப்பி வேலைக்கு அனுப்புகிறது. பிறகு படிப்படியாகக் குறைந்து நடுச்சாமத்தில் மிகவும் தாழ்ந்து விடும்.

மனஅழுத்தம் உடம்பில் இப்படியான மாற்றங்களை உண்டாக்குகிறது என்பதை 1936இல் கனடாவின் மொன்ட்ரியல் நகரில் ஹான்ஸ் செலி என்ற விஞ்ஞானி எழுதி வெளியிட்டார். இந்தச் சுரப்பியின் ஹோர்மோன்களைக் கண்டு ஆராய்ந்ததற்காக கெண்டல், ரைக்ஸ்டைன், ஹென்ச் ஆகிய மூவருக்கு 1950இல் நோபல் பரிசு கிடைத்தது.

அட்வான்ஸ் எடுத்தால் கழிக்கத்தானே வேண்டும்!

மன்னார்ப் பாதையில் நடந்தவருக்கு இரத்தத்தில் வந்த சீனி நடையிலேயே எரிந்து போனது. எடுத்த அட்வான்ஸ் அந்த வேலைக்கே செலவாகி விட்டது.

இன்று நமக்கு வரும் கவலை அப்படிப்பட்டதா? வாரக் கடன்காரன் வருவான் என்ற கவலை. கொழும்பில் வேலை செய்யும் மகளிடமிருந்து கோல் வரவில்லை என்ற கவலை. புருஷன் குடித்துவிட்டு வருவாரோ என்ற கவலை. லயத்துக் கூரை ஒழுகும் கவலை. மழைக்காலத்தில் மண்சரிவுப் பயம். இதையெல்லாம் ஓடியோ நடந்தோ தீர்க்க முடியாது. படுத்துக்கொண்டே கவலைப்படுகிறோம். உடம்புக்கோ இந்த வித்தியாசம் தெரியாது. "ஏதோ ஆபத்து, நீண்ட பயணம் போகிறார்கள்" என்று நினைத்து அது சீனியை எடுத்து விடுகிறது. பயணம் இல்லை. எடுத்த சீனி திரும்பவும் கொழுப்பாகச் சேமிப்புக்குப் போகிறது. போகும் இடம் பெரும்பாலும் வயிறு. குடலைச் சுற்றியுள்ள கொழுப்பு, கோர்ட்டிசோல் சொல்வதை மற்ற இடத்துக் கொழுப்பை விட அதிகமாகக் கேட்கும்.

இதோடு இன்னொன்றும் நடக்கிறது. கவலை இருக்கும்போது இனிப்பும் எண்ணெய்ப் பலகாரமும் தேடுகிறோம் அல்லவா? அதுவும் கோர்ட்டிசோலின் வேலைதான். செலவழித்ததை நிரப்பச் சொல்லி உடம்பு கேட்கிறது.

கோர்ட்டிசோல் மிதமிஞ்சினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு நோயே சாட்சியாக இருக்கிறது. 1932இல் அமெரிக்க சத்திரசிகிச்சை நிபுணர் ஹார்வி குஷிங் இதனை விவரமாக எழுதினார். அதனால் அதற்குக் குஷிங் நோய் என்றே பெயர். முகம் வட்டமாக ஊதும், வயிறு பெருக்கும், கை கால் மட்டும் மெலியும். இந்த நோய் அபூர்வம். நம்மில் பலருக்குத் தொப்பை இருப்பது இந்த நோயால் அல்ல. ஆனால் கோர்ட்டிசோல் கூடினால் கொழுப்பு எங்கே போய்ச் சேரும் என்பதை அது காட்டித் தருகிறது.

மெலிந்த உடம்பு, பெருத்த வயிறு

நம் தோட்டங்களில் இதற்கு இன்னொரு வேரும் இருக்கிறது. புனே நகர வைத்தியர் சித்தரஞ்சன் யாஜ்னிக் குழுவினர் 2003இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இங்கிலாந்துக் குழந்தைகள் பிறக்கும்போது சராசரி 3.5 கிலோ. புனேயைச் சுற்றிய கிராமத்துக் குழந்தைகள் 2.7 கிலோ. குறைந்திருந்தது பெரும்பாலும் தசை, கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. வெளியே பார்த்தால் ஒல்லி, உள்ளே கொழுப்பு. இப்படிப்பட்ட உடம்புக்கு வளர்ந்த பிறகு வயிறு போடுவதும் சீனி வியாதி வருவதும் சுலபம்.

நம் நாட்டில் நிறை குறைந்த குழந்தைகள் பிறப்பது தோட்டப் பகுதியில்தான் அதிகம் என்று தேசிய அளவீடுகள் சொல்கின்றன. ஆகவே "நான் ஒல்லிதானே, எனக்கென்ன" என்று இருந்து விடாதீர்கள். தராசை மட்டும் நம்பாமல் அளவு நாடாவை எடுங்கள். விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்ட நிலையில் சுற்றி அளவுங்கள். நம்மைப் போன்ற தெற்காசிய மக்களுக்குப் பெண்கள் என்றால் 80 சென்ரிமீட்டர் (ஏறக்குறைய 31½ அங்குலம்), ஆண்கள் என்றால் 90 சென்ரிமீட்டர் (ஏறக்குறைய 35½ அங்குலம்) என்பதே எல்லை. அந்த எல்லையைத் தொட்டு விட்டால் கவனம் தேவை.

கவலை எவ்வளவு காலம் உடம்பில் நிற்கும்?

"காலம் எல்லாத்தையும் ஆத்திரும்" என்பார்கள். எப்போதும் அப்படி இல்லை. 1977இலும் 1983இலும் நடந்த வன்செயல்களின் பின் நம் உறவினர் பலர் வவுனியா, மன்னார்ப் பக்கம் போய்க் குடியேறினார்கள். அங்கேயும் யுத்தம் அவர்களை விடவில்லை. 1990இல் மடுவிலும் பேசாலையிலும் ஐக்கிய நாடுகள் அகதிகள் நிறுவனம் திறந்த நிவாரண முகாம்களில் எத்தனையோ குடும்பங்கள் தஞ்சம் புகுந்தன. அதே ஆண்டு மன்னார் உட்பட வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் குடியேறினார்கள். ஏறக்குறைய 20 வருடம் கழித்து அவர்களிடையே நடத்திய ஆய்வில், கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வு, பதற்றம், காரணம் பிடிபடாத உடம்பு வலி போன்ற ஏதோ ஒன்று இருப்பது தெரியவந்தது. 20 வருடமாகியும் மனச்சுமை முழுவதும் இறங்கவில்லை.

ஆகவே, "சும்மா யோசிக்காதே" என்று யாருக்கும் புத்தி சொல்லிப் பிரயோசனம் இல்லை. கவலையை ஒரே நாளில் ஒழிக்க முடியாது. ஆனால் கவலை உடம்பில் செய்யும் வேலையைக் குறைக்க முடியும்.

முதல் வழி: தூக்கம்

எல்லாவற்றிலும் பெரிய மருந்து இதுதான். 1999இல் வெளியான ஓர் ஆய்வில், 11 இளைஞர்களை ஆறு இரவு தொடர்ந்து நான்கு மணித்தியாலம் மட்டும் படுக்க விட்டார்கள். மாலையில் குறைந்திருக்க வேண்டிய கோர்ட்டிசோல் அவர்களுக்குக் கூடியிருந்தது.

2010இல் சிகாகோ பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வு இன்னும் தெளிவானது. உடல் பருத்த 10 பேருக்கு ஒரே மாதிரிக் குறைந்த சாப்பாடு. இரண்டு கிழமை இரவில் எட்டரை மணித்தியாலம் படுக்க விட்டார்கள், வேறு இரண்டு கிழமை ஐந்தரை மணித்தியாலம். இரண்டு முறையும் சுமார் 3 கிலோ குறைந்தது. ஆனால் நன்றாகத் தூங்கியபோது அதில் 1.4 கிலோ கொழுப்பு. தூக்கம் குறைந்தபோது கொழுப்பு வெறும் 0.6 கிலோதான், மிச்சமெல்லாம் பெரும்பாலும் தசை. அதாவது தூக்கம் இல்லாமல் பட்டினி கிடந்தால் கரைவது தொப்பை அல்ல, உழைக்கும் தசை!

இப்போது நம் வீடுகளைப் பார்ப்போம். காலை நான்கு மணிக்கு எழும்புவது யார்? தண்ணீர் பிடித்து, ரொட்டி தட்டி, பிள்ளைகளை வெளிக்கிடுத்தி, பெரட்டுக்கு ஓடுவது யார்? சாயங்காலம் வந்து விறகு, சமையல், உடுப்பு என்று பத்து, பதினொரு மணிக்குப் படுப்பது யார்? அந்த அக்காவுக்குக் கிடைப்பது ஐந்தரை மணித்தியாலத் தூக்கம். சிகாகோ ஆய்வில் வேண்டுமென்றே குறைத்துக் கொடுத்த அதே அளவு.

ஆகையால் இது பெண்களுக்கு மட்டும் சொல்லும் விடயம் அல்ல. அண்ணன்மாரே, தம்பிமாரே, மாலையில் தண்ணீர், விறகு, பிள்ளைகளின் பாடம், பாத்திரம் இவற்றில் இரண்டை நீங்கள் எடுத்துக் கொள்ளுங்கள். வீட்டு அம்மாவுக்கு ஒரு மணித்தியாலத் தூக்கம் கூடும். கடையில் காசு கொடுத்து வாங்க முடியாத மருந்து அது. எல்லோருக்கும் பொதுவாக ஏழு மணித்தியாலமாவது வேண்டும். படுக்குமுன் டெலிவிஷனையும் கைத்தொலைபேசியையும் தள்ளி வையுங்கள். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு சாயம் கடுமையான தேத்தண்ணி வேண்டாம்.

இரண்டாவது வழி: பட்டினி வேண்டாம்

"சாப்பாட்டை விட்டேன், தொப்பை குறையவில்லை" என்பவர்களுக்கு இது. 2010இல் அமெரிக்காவில் 121 பெண்களைக் கொண்டு நடத்திய ஆய்வில், நாளொன்றுக்கு 1,200 கலோரி என்று மூன்று கிழமை கடுமையாகக் குறைத்துச் சாப்பிட்டவர்களுக்குக் கோர்ட்டிசோல் கூடியது. பட்டினியும் உடம்புக்கு ஓர் ஆபத்துத்தான். அது மறுபடியும் அட்வான்ஸ் எடுக்கத் தொடங்கும்.

நம் ஆட்களில் பலர் காலையில் வெறும் தேத்தண்ணியோடு மலைக்குப் போய், பகலுக்கு ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டு, இரவில் தட்டு நிறையச் சோறு உண்கிறார்கள். இதைக் கொஞ்சம் மாற்றினால் போதும். இரவுச் சோற்றில் ஒரு அகப்பையைக் குறைத்து, காலையில் அவித்த கடலை, பாசிப்பயறு, கௌபி ஏதாவது ஒன்றைச் சேருங்கள். பகல் ரொட்டியோடு பருப்பும் கீரையும் வையுங்கள். முருங்கையும் வல்லாரையும் வீட்டுத் தோட்டத்திலேயே வரும்.

தசையைக் காப்பாற்றப் புரதம் வேண்டும். விலை உயர்ந்த இறைச்சிதான் வேண்டும் என்றில்லை. முட்டை, பருப்பு, மன்னார்க் கரையில் பிடிபடும் சூடை, நெத்தலி போன்ற சின்ன மீன் எல்லாம் நல்லவை. மலைக்குக் கருவாடாகத்தான் வரும் என்றால், வெந்நீரில் ஊற வைத்து இரண்டு தரம் கழுவி உப்பைப் போக்குங்கள். பிறகு கறிக்கு உப்புப் போடாதீர்கள். பிரஷர் உள்ளவர்கள் கருவாட்டை இன்னும் குறைக்க வேண்டும்.

மூன்றாவது வழி: நம்ம தேத்தண்ணி, ஆனால் சீனி குறைத்து

நாம் பறிக்கும் கொழுந்துக்கு ஒரு பெருமை இருக்கிறது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 75 ஆண்களைக் கொண்டு ஓர் ஆய்வு செய்து 2007இல் வெளியிட்டார்கள். பாதிப் பேருக்கு ஆறு கிழமை தினமும் நான்கு கோப்பை கறுப்புத் தேநீர். மற்றவர்களுக்கு அதே ருசியில், தேயிலைச் சத்து இல்லாத ஒரு பானம். பிறகு எல்லோருக்கும் மனஅழுத்தம் தரும் வேலைகளைக் கொடுத்தார்கள். 50 நிமிடம் கழித்துப் பார்த்தால் தேநீர் குடித்தவர்களின் கோர்ட்டிசோல் 47 வீதம் இறங்கியிருந்தது, மற்றவர்களுக்கு 27 வீதம்தான். தேநீர் கொழுப்பைக் கரைக்கும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. பதற்றம் சீக்கிரம் தணிய உதவும், அவ்வளவுதான்.

ஆனால் நாம் குடிக்கும் விதத்தைப் பாருங்கள். ஆறு கோப்பை, கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி சீனி என்றால் நாளொன்றுக்கு 12 கரண்டி. அது ஏறக்குறைய 50 கிராம், 200 கலோரி. உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட ஆலோசனையில், சேர்க்கும் சீனியை 25 கிராம் அளவுக்கு, அதாவது சுமார் ஆறு தேக்கரண்டிக்குக் குறைப்பது நல்லது என்கிறது. உடனே நிறுத்தக் கஷ்டமாக இருக்கும். கிழமைக்கு அரைக் கரண்டி குறையுங்கள், நாக்கு பழகிவிடும். சாப்பாட்டோடு சேர்த்துத் தேத்தண்ணி குடிக்காமல் ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். அப்போதுதான் கீரையிலும் பயறிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேரும். இரத்தசோகை உள்ள பெண்கள் இதனைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். சோர்வுக்குப் பல வேளை காரணம் அதுதான்.

நான்காவது வழி: நடை, அல்லது ஓய்வு

இங்கே எல்லோருக்கும் ஒரே புத்தி சொல்லக் கூடாது. நாள் முழுக்க மலையில் கொழுந்து எடுப்பவருக்கு மேலும் உடற்பயிற்சி வேண்டியதில்லை. அவருக்கு வேண்டியது ஓய்வு, தூக்கம், நல்ல சாப்பாடு. ஆனால் ஸ்டோரில் நின்ற இடத்தில் வேலை செய்பவர்கள், ஒபிஸில் இருப்பவர்கள், ஓட்டோ ஓட்டுபவர்கள், ஓய்வுபெற்று வீட்டில் இருக்கும் பெரியவர்கள், வெளிநாட்டு வேலை முடிந்து வந்தவர்கள் கட்டாயம் நடக்க வேண்டும். கிழமைக்கு 150 நிமிடம், அதாவது ஐந்து நாள் அரை மணித்தியாலம். கதைத்துக்கொண்டே நடக்கக் கூடிய வேகம் போதும். மூச்சு வாங்க ஓடத் தேவையில்லை.

தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு உள்ள 250 கிலோமீட்டரை நாம் வீட்டிலிருந்தே நடக்கலாம். நாளுக்கு இரண்டரைக் கிலோமீட்டர் நடந்தால் 100 நாள். ஒரு லயத்தார் சேர்ந்து, பாட்டனார் பாதையை முடிப்போம் என்று சுவரில் நாட்காட்டியில் கோடு போட்டு நடந்து பாருங்கள். தனியாக நடப்பதை விட நாலு பேர் சேர்ந்து நடந்தால் மனமும் லேசாகும்.

ஐந்தாவது வழி: மூச்சும், பேச்சும், கணக்கும்

நெஞ்சு படபடக்கும்போது ஐந்து நிமிடம் உட்காருங்கள். மூக்கால் மெதுவாக மூச்சை இழுத்து, இழுத்ததை விட நீண்ட நேரம் எடுத்து விடுங்கள். நிமிடத்துக்கு ஆறு மூச்சு அளவு. நெஞ்சுத் துடிப்பு தணியும். பஜனையோ, கோயில் பாட்டோ, காமன் கூத்து ஒத்திகையோ, கூடிப் பாடுவதும் மனதுக்கு நல்லது.

கவலையை ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். கடன் கவலை என்றால் ஒரு கொப்பியில் எழுதுங்கள். யாருக்கு எவ்வளவு, எந்தத் திகதி, வட்டி எத்தனை? தலைக்குள் சுற்றும் கடன் தாளில் வந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும். ஒரு கடனை அடைக்க இன்னொரு வாரக் கடன் எடுக்காதீர்கள். அதற்கு முன் நலன்புரி உத்தியோகத்தரிடம் அந்தக் கொப்பியைக் கொண்டு வாருங்கள்.

சாராயமும் கசிப்பும் கவலையைத் தீர்க்காது. மது கோர்ட்டிசோலைக் கூட்டும், தூக்கத்தைக் கெடுக்கும், ஒரு கிராமுக்கு ஏழு கலோரியும் தரும். வெற்றிலையோடு போடும் புகையிலையும் இந்தச் சுரப்பைத் தூண்டும்.

மாத்திரைக்காரரிடம் ஏமாறாதீர்கள்

"கோர்ட்டிசோலை அடக்கித் தொப்பையைக் கரைக்கும் மாத்திரை" என்று இப்போது விளம்பரங்கள் வருகின்றன. இது பழைய வியாபாரம். அமெரிக்காவில் 'கோர்ட்டிஸ்லிம்' என்ற மாத்திரையை இப்படித்தான் விற்றார்கள். ஆதாரமில்லாத விளம்பரம் என்று 2004இல் அந்நாட்டு வர்த்தக ஆணைக்குழு அவர்கள் மேல் நடவடிக்கை எடுத்தது. கவலைச் சுரப்பை அடக்கினால் மட்டும் கொழுப்பு கரைந்து விடாது என்பதையும் சொல்ல வேண்டும். உடம்புக்குள் போகும் சாப்பாட்டுக்கும் நாம் செலவழிக்கும் சக்திக்கும் உள்ள கணக்குத்தான் முதன்மை. தூக்கமும் மனநிம்மதியும் அந்தக் கணக்கைச் சரியாக வைத்திருக்க உதவும்.

இன்னொரு எச்சரிக்கை. பெட்டியும் பெயரும் இல்லாமல், மூட்டு வலிக்கு, உடம்பு தேற என்று சிலர் விற்கும் மாத்திரைகளில் ஸ்டீரொயிட் கலந்திருக்கலாம். அது கோர்ட்டிசோல் வகையைச் சேர்ந்த மருந்து. தொடர்ந்து போட்டால் முகம் ஊதும், வயிறு போடும், சீனி ஏறும். ஆனால் டொக்டர் எழுதிக் கொடுத்த ஸ்டீரொயிட் மருந்தை நீங்களாகத் திடீரென்று நிறுத்தி விடாதீர்கள், அது உயிருக்கே ஆபத்து. ஆஸ்துமாவுக்கு இழுக்கும் மருந்தையும் விடக் கூடாது.

எப்போது டொக்டரிடம் போக வேண்டும்?

முகம் திடீரென்று வட்டமாக ஊதினால், வயிற்றில் ஊதா நிறக் கோடுகள் அகலமாக விழுந்தால், இருந்து எழும்ப முடியாமல் தொடை பலவீனப்பட்டால், காரணமில்லாமல் நிறை கூடினாலோ குறைந்தாலோ, அடிக்கடி தாகமும் சிறுநீரும் வந்தால் தாமதிக்காதீர்கள். வயது 35ஐத் தாண்டியவர்கள் வருடத்துக்கு ஒரு தடவையாவது சீனியும் பிரஷரும் பார்த்துக் கொள்ளுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசம்.

தூக்கமில்லாமல், சாப்பிடப் பிடிக்காமல், "இருந்து என்ன பிரயோசனம்" என்ற எண்ணம் வந்தால் அது தொப்பையை விடப் பெரிய விடயம். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம். தமிழிலும் பேசுவார்கள். மன்னாரில் இருந்தாலும் மஸ்கெலியாவில் இருந்தாலும் அதே இலக்கம்தான்.

முதல் மாதத்துக்கு ஐந்து வேலை

1. இன்றே இடுப்பை அளந்து திகதியோடு எழுதி வையுங்கள்.
2. இரவில் ஒரு மணித்தியாலம் முந்திப் படுங்கள். வீட்டு வேலையைப் பங்கு போடுங்கள்.
3. தேத்தண்ணிச் சீனியைக் கிழமைக்கு அரைக் கரண்டி குறையுங்கள்.
4. காலையில் பயறு அல்லது கடலை ஒரு கைப்பிடி. எந்த நேரமும் பட்டினி வேண்டாம்.
5. இருந்த இடத்தில் வேலை செய்பவர்கள் அரை மணித்தியாலம் நடக்க. மலையில் வேலை செய்பவர்கள் பின்னேரம் கால் மணித்தியாலமாவது காலை நீட்டி இருக்க.

ஒரு மாதத்தில் இரண்டு சென்ரிமீட்டர் குறைந்தாலும் அது நல்ல முன்னேற்றம்தான். குறையாவிட்டாலும் நல்ல தூக்கத்தின் பலன் உங்களுக்கே தெரியும். அடுத்த கிளினிக் நாளன்று பிள்ளை மடுவத்தில் அளவு நாடாவும் தராசும் வைத்திருப்போம். எழுதி வைத்த அளவோடு வாருங்கள். கணவன், மனைவி இருவரும் சேர்ந்து வந்தால் இன்னும் நல்லது.